மூன்று பாதைகளும் ஒரு கண்ணாடியும்



மாசி 20 நெருங்கினால் நம் மக்களின் கால்கள் வீட்டில் தரிப்பதில்லை. திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் புறப்படும் ஊர்வலங்கள் நாகர்கோவிலில் ஒன்றுகூடுகின்றன. அங்கிருந்து காவிக் கொடி பிடித்து, தலைப்பாகை கட்டி, சிவசிவா அரகரா என்று முழங்கிச் சுவாமித்தோப்புக்கு நடக்கிறோம். சென்னையிலும் மும்பையிலும் பிழைப்பு நடத்தும் மக்கள்கூட இரவெல்லாம் ரயிலில் வந்து சேருகிறார்கள். இவ்வளவு தூரம் வருவது எதற்காக என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அய்யாவின் வரலாற்றிலேயே மூன்று நெடும்பாதைகள் உண்டு.

முதல் பாதை திருச்செந்தூருக்குப் போனது. நோயால் நொந்து கிடந்த முத்துக்குட்டியைத் தொட்டில் கட்டிச் சுமந்து போனார்கள். உடன் சென்ற தாய் வெயிலாளுக்கு இருந்தது ஒரே வேண்டுதல்: மகன் பிழைக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் புறப்படுவதும் இப்படித்தான். நோய், கடன், பிள்ளையின் கலியாணம் என்று ஒரு பாரம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதில் குற்றமில்லை. ஆனால் அங்கே மகன் கடலுக்குள் போனார். தாய் கரையில் காத்துக் கிடந்தாள். கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833-ஆம் ஆண்டு, மூன்றாம் நாள் கடலிலிருந்து எழுந்தவர் வைகுண்டர். தாய் கேட்டது ஒரு மகனின் உயிர். கிடைத்ததோ உலகத்துக்கே ஒரு தகப்பன்.

இரண்டாம் பாதை திரும்பி வந்த பாதை. சுமந்து செல்லப்பட்டவர் இப்போது தம் காலால் நடந்தார். நடந்து வந்தவர் ஓய்வு தேடவில்லை, தவத்தில் அமர்ந்தார். பயணத்தின் பலன் போன இடத்தில் தெரிவதில்லை. திரும்பி வந்த பின் செய்யும் காரியத்தில்தான் தெரியும்.

மூன்றாம் பாதை திருவனந்தபுரத்துக்கு. அரசன் ஏவிய சேவகர் கட்டி இழுத்துப் போனார்கள். சிங்காரத்தோப்பில் சிறை. விரும்பாத பாதையிலும் அய்யா பொறுமையை விடவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஊரைப் பிரிந்து வாழும் மக்களே, உங்கள் பாதையும் நீங்கள் விரும்பி எடுத்தது அல்ல. அந்தத் தூரத்திலும் அய்யா உங்களுக்கு முன்னே நடந்திருக்கிறார்.

இனி ஒரு சொல் கடுமையாகச் சொல்ல வேண்டும். அய்யா காணிக்கை வேண்டாம் என்றார். பலி வேண்டாம் என்றார். அப்படியிருக்க, "இத்தனை மைல் நடந்தேன், அய்யா இதைத் தர வேண்டும்" என்று கால்வலியைக் கணக்கெழுதி நீட்டினால் அதுவும் காணிக்கைதானே? காலில் வந்த கொப்புளம் கைக்கூலி ஆகாது. நடை நம்மைப் பக்குவப்படுத்தத்தான். முதல் சில மைல் வாய் பேசும்; பிறகு வாய் ஓய்ந்து மனம் பேசத் தொடங்கும். அண்ணனோடு வரப்புக்காகப் போட்ட வழக்கு அப்போது நினைவுக்கு வரும். கூலிக்காரருக்குக் குறைத்துக் கொடுத்த பணம் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் செல்போனை எடுக்காதீர்கள். மனம் சொல்வதைக் கேளுங்கள். அய்யா பேசும் நேரம் அதுதான்.

அப்படிக் கேட்டு வந்தவருக்குத்தான் பதியில் காத்திருப்பது விளங்கும். முத்திரிக் கிணற்றில் எந்தச் சாதியும் ஒரே தண்ணீரில் குளிக்கிறது. நடந்து வந்தவர், காரில் வந்தவர் என்ற பேதமும் அங்கே கழுவப்படுகிறது. பள்ளியறை முன் நின்றால் சிலை இல்லை. விளக்குகள் எரிகின்றன, நடுவே கண்ணாடி. பல நூறு மைல் கடந்து வந்தவர் அங்கே காண்பது தூசி படிந்த தம் முகத்தையே. உனக்குள் இருப்பவனைக் காண் என்பதே அந்தக் கண்ணாடியின் உபதேசம். அப்படியானால் ஒரு கேள்வி எழும்: வீட்டிலும் கண்ணாடி இருக்கிறதே, இவ்வளவு தூரம் வர வேண்டுமா? வீட்டுக் கண்ணாடியில் தலை சீவுகிறோம். அவசரத்தில் நம்மைப் பார்ப்பதில்லை. வழிநெடுக அகந்தை உதிர்ந்த பிறகுதான் பார்க்கும் கண் திறக்கிறது.

கண்ணாடியில் தன்னுள் அய்யாவைக் கண்டவர், பக்கத்தில் நிற்பவரிடமும் அதே அய்யாவைக் காண வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிவிடுவதே தர்மம் என்று நமக்குப் போதித்திருக்கிறார். ஆகவே நெற்றியில் திருநாமம் தரித்து, இனிமம் வாங்கி, ஊருக்குத் திரும்பும் மக்கள் ஒன்று செய்யுங்கள். நடக்கும்போது யார் முகம் மனத்தில் வந்து உறுத்தியதோ, அவர் வீட்டுக்கு முதலில் போங்கள். இனிமத்தில் ஒரு பங்கை அவர் கையில் கொடுங்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் அந்த வாசல், சுவாமித்தோப்பைவிடத் தூரமாகத் தோன்றலாம். அந்தத் தூரத்தையும் நடந்து முடிக்க அய்யா துணை இருப்பார்.

அய்யா துணை.