மாதிரி வந்த நேரமும் பதிவேட்டின் நேர்மையும்

நோயியல் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி வந்து சேர்ந்தால், அது வந்த நேரத்தை அப்போதே குறிக்க வேண்டும். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை, மாதிரியைப் பெற்ற நாள், நேரம், பெற்றவர் யார் என்ற விவரங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. இந்தியாவில் என்ஏபிஎல் அங்கீகாரமும் இந்தத் தரநிலையையே அடிப்படையாகக் கொண்டது. விதியில் குழப்பமில்லை. ஆனால் வேலை குவியும் காலை வேளையில், நேரத்தைச் சற்று முன்பின்னாக எழுதினால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

உடலை விட்டு வந்த பின்னும் மாதிரி மாறிக்கொண்டே இருக்கிறது. அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. வெறும் வயிற்றில் 130 மில்லிகிராம் இருந்தவருக்கு மூன்று மணி நேரத் தாமதத்தில் 110-ஐ ஒட்டிய அளவு வரக்கூடும். 126 என்ற நீரிழிவு வரம்புக்குக் கீழே போய்விடுவதால் நோய் கண்ணில் படாமலே தப்பிவிடும். சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தால் கிருமிகள் பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். மார்பகப் புற்றுநோய்த் திசுவை வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும். தாமதித்தால் ஹார்மோன் ஏற்பிகள் இல்லையென்று முடிவு வரலாம். பலன் தரக்கூடிய ஹார்மோன் சிகிச்சை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகலாம்.

நேரத்தை மாற்றி எழுதத் தூண்டுபவை இரண்டு. முதலாவது, தாமதத்தை மறைக்கும் ஆசை. மாதிரி வந்ததிலிருந்து அறிக்கை தருவது வரையிலான நேரத்தை வைத்தே பல ஆய்வகங்கள் தங்கள் வேகத்தை அளக்கின்றன. தட்டில் நாற்பது நிமிடம் காத்திருந்த குழாய்களைச் சோதிக்க எடுக்கும்போதுதான் ‘பெறப்பட்டது’ என்று கணினியில் பதிந்தால், அந்த நாற்பது நிமிடமும் கணக்கிலிருந்து காணாமல் போகும். ஆய்வகத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதற்கான விலையை நோயாளி கொடுப்பார்.

இரண்டாவது இரக்கம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கைக்குழந்தையின் முதுகில் ஊசி குத்தி எடுத்த தண்டுவட நீர் தாமதமாக வருகிறது. உள்ளபடி எழுதினால் மாதிரியை நிராகரித்துவிடுவார்களோ, குழந்தைக்கு மறுபடி ஊசி போட நேருமோ என்று அஞ்சி, ஒருவர் அது முன்னதாகவே வந்ததுபோல நேரத்தை எழுதக்கூடும். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த நீரில் வெள்ளணுக்கள் விரைவாகச் சிதைகின்றன. எண்ணிக்கை குறைந்த முடிவை, தாமதம் தெரியாத மருத்துவர் அப்படியே நம்பினால் மூளைக்காய்ச்சலைக் கண்டறியத் தவறக்கூடும். மறுபடி எடுக்க இயலாத மாதிரியைச் சோதித்து, தாமதத்தை அறிக்கையில் குறிப்பிட்டு அனுப்பத் தரநிலையே இடம் தருகிறது. இரக்கத்துக்கு முறையான வழி இருக்கும்போது பொய்க்குத் தேவையில்லை. முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். பொய்யான நேரம் அந்த உரிமையை அவருக்குத் தெரியாமலே பறித்துவிடுகிறது.

பெரும்பாலான மாதிரிகளில் இருபது நிமிடம் எதையும் மாற்றாது என்று வாதிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் எந்த மாதிரியில் மாற்றும் என்பது மேசையில் இருப்பவருக்கு அந்தக் கணத்தில் தெரியாது. மேலும், சில நேரங்கள் கற்பனை என்று தெரிந்துவிட்டால், அதே பக்கத்தில் உண்மையாக எழுதியவற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழி முழுவதும் பதிவு செய்பவர் மீது விழுவது நியாயமாகாது. ஒரே ஆள் தொலைபேசிக்கும் பதில் சொல்லி, வரிசையையும் கவனித்து, குழாய்களையும் சரிபார்க்க வேண்டிய இடத்தில் தவறு நேரும். தாமதத்துக்கு அபராதம் விதிக்கும் நிர்வாகம் பொய்யைத் தானே வரவழைக்கிறது. மாதிரி வந்த கையோடு பார்கோடை ஸ்கேன் செய்யும் வசதி, எல்லா இடத்திலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்கள், போதிய ஆட்கள், உள்ளதைச் சொன்னவருக்குத் தண்டனையில்லை என்ற உறுதி ஆகியவற்றைத் தருவது நிர்வாகத்தின் கடமை.

பதிய மறந்துவிட்டால் ஊகத்தைத் துல்லியமான நேரம்போல எழுதக் கூடாது. பதிவு செய்த நேரத்தை எழுதி, தாமதமாகப் பதிந்ததைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். பிழையைத் திருத்தும்போது பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இட்டு, புதியதை எழுதி, திருத்தியவர் பெயரையும் நாளையும் சேர்க்க வேண்டும்.