பெதஸ்தா குளத்தண்டையில் கேட்கப்பட்ட கேள்வி



யோவான் சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எருசலேமில் ஆட்டு வாசல் அருகே ஒரு குளம், அதற்கு ஐந்து மண்டபங்கள். அங்கே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம் இயேசு முதலாவது அவனுடைய பாவக் கணக்கை விசாரிக்கவில்லை. குணமாக உனக்கு மனசு உண்டா என்றுதான் கேட்டார். அவனோ 'உண்டு' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. தூக்கிவிட ஆள் இல்லையே என்று முறையிட்டான். மனசு இருக்கிறதா? ஆள் இருக்கிறதா? போதை சிகிச்சைக்குப் போகிறவனிடம் இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் இந்த இரண்டும்தான் கேட்கப்படுகிறது.

ஏன் இதை எழுதுகிறேன்? நம் பிள்ளைகளைப் பிடித்திருப்பது இப்போது சாராயம் மட்டுமல்ல. டேபென்டடால் என்கிற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். ஹெராயின் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ, இதுவும் அதே இடத்தைப் பிடிக்கிற மருந்து. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, அபின் வகைப் பொருட்களை உபயோகிக்கிறவர்கள் நம் தேசத்தில் ஏறக்குறைய 2.26 கோடிப் பேர். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. அல்லேலூயா சொல்லுகிற வீடுகளும் அந்தக் கணக்கில் உண்டு, பிரியமானவர்களே!

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு தாயார் காத்திருந்தார்கள்.

"ஐயா, பையனை ஒரு ஹோம்ல விடச் சொல்றாங்க. அவங்களே வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். முரண்டு பண்ணா சங்கிலி போடுவாங்களாம். மூணு மாசம் நாம பார்க்கக் கூடாதாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா ஆயிரம் கேள்வி கேட்பாங்களே?"

"அம்மா, கேள்வியே கேக்காம சேர்த்துக்கிற இடத்துக்குத்தான் நாம பயப்படணும்" என்றேன்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் எரிந்துபோனார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த விதத்திலும் தடை செய்திருக்கிறது. போதையால் வரும் மனநிலைக் கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஜெபவீடு என்று போர்டு மாட்டிவிட்டால் சட்டம் விலகிப்போகாது.

அப்படியானால் என்ன கேட்பார்கள்? 18 வயது நிரம்பியவன் தானே வந்து, எனக்கு இந்தக் கஷ்டம் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். பரிசோதித்து, சிகிச்சை தேவை என்று கண்டால் சேர்ப்பார்கள். 'முதல்ல நிறுத்திட்டு வா' என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நிறுத்த முடியாததுதானே வியாதி! வயது குறைந்த பிள்ளையானால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிற நிலையில், தானே முடிவெடுக்க இயலாதவனாய் இருந்தால், அவனுக்காக நியமிக்கப்பட்டவர் விண்ணப்பம் கொடுக்கலாம். அதிலும் இரண்டு பேர் பரிசோதனை உண்டு. முதல் தடவை 30 நாள் வரைதான். தகப்பன் கோபத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒருவனை அடைத்துவைக்க அங்கே இடமில்லை.

டாக்டர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷம், வாயிலா ஊசியிலா, கூடவே தூக்க மாத்திரையோ குடியோ உண்டா? மாத்திரை அட்டை வீட்டில் கிடைத்தால் கிழித்துப் போடாமல் கொண்டுபோங்கள். ஊசி போட்டவனுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனை செய்வார்கள், அது அவமானமல்ல. பெண்பிள்ளை கர்ப்பமாயிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், திடீரென்று நிறுத்துவது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

போலீஸ் பயம் வேண்டாமா என்பீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைக் கேட்டு வையுங்கள். தன் உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினவன், அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவன்மேல் வழக்கு நடத்தப்படாது. பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பை நீக்க முடியும். விற்கிறவனுக்கு இது பொருந்தாது.

இன்னொன்று, தாய்மார்களே கவனியுங்கள். புப்ரனார்பின் என்று நாக்கின் கீழ் கரைகிற ஒரு மாத்திரை கொடுப்பார்கள். முதல் வேளைக்கு உடம்பு பழைய மருந்தை விட்டுத் தவிக்க ஆரம்பித்திருக்க வேண்டும், பெரும்பாலும் 12 மணி நேரமாவது ஆகும். கொட்டாவி, மூக்கு ஒழுகல், நடுக்கம், எலும்பெல்லாம் வலி. போதை உள்ளே இருக்கும்போதே கொடுத்தால் அந்தத் தவிப்பு பல மடங்காகிவிடும். பிள்ளை நடுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்புகிறீர்களே, டாக்டருக்கு வேண்டிய நேரமே அதுதான். அந்த ரூபாயில் ஆட்டோ பிடியுங்கள்.

"மாத்திரைக்கு மாத்திரையா? அபிஷேகம் போதாதா?" என்று கேட்கிற சகோதரர்கள் உண்டு. கர்த்தர் ஒரு நொடியில் விடுவிக்க வல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2 இராஜாக்கள் 20-ஐ வாசியுங்கள். எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது என்று அறிவித்த அதே ஏசாயாதான், அத்திப்பழத்தை அரைத்துப் புண்ணில் வைக்கவும் சொன்னார். தீர்க்கதரிசிக்கு வராத வெட்கம் நமக்கு ஏன்? லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னவரும் நம் ஆண்டவரே. விடுதலை பெற்றேன் என்கிறவன் டாக்டரிடம் காண்பிக்கட்டும், மருந்தை அவர் குறைக்கட்டும். மேடையில் நிறுத்தி மாத்திரையை எறிய வைத்துச் சாட்சி வாங்காதிருங்கள். சில வாரம் நிறுத்தின உடம்பு பழைய அளவைத் தாங்காது. தடுமாறி ஒரே ஒரு நாள் பழையபடி ஏற்றினாலும் மூச்சு நின்றுவிடும். அடக்க ஆராதனைக்கு என்னைக் கூப்பிடுவீர்கள்.

இனி ஆள். மாற்கு 2-ல் நாலு பேர் சுமந்தார்கள், கூரையைப் பிரித்தார்கள். நமக்குக் கூரை பிரிக்கிற வேலை இல்லை. 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 சிகிச்சை மையங்களைத் திறந்தது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் பண்ணலாம், காசு கிடையாது. மருந்துக்காக முதலில் பல நாள் நேரில் போகவேண்டி வரும். கூலிக்குப் போகிற தகப்பனால் தினமும் லீவு போட முடியாது. பைக் வைத்திருக்கிற வாலிபர்கள் நாலு பேர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே பாருங்கள். யார் வீடு, எந்தத் தெரு என்பதை உங்கள் வீட்டாரிடமும் சொல்லாதவர்களாயிருக்க வேண்டும். பெட்ரோல் செலவைக் காணிக்கைப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.