யார் தந்த நேரம்?

மனிதன் செய்யும் செயல்களைப் பிழைப்புக்கான உழைப்பு என்றும், களைப்பு நீக்கும் பொழுதுபோக்கு என்றும் இரண்டாகப் பிரித்துக் காண்பது நமது வழக்கம். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. அதனால் ஊதியம் கிடைப்பதில்லை, ஓய்வும் கிடைப்பதில்லை. ஆயினும் அதைச் செய்யாமல் இருக்க இயலாது என்னும் உந்துதலோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைப்பார். கவிதை எழுதுவோரையும், நாடகம் போடுவோரையும், சிற்றிதழ் நடத்துவோரையும் இவ்வகையில் நாம் அறிவோம். அந்த வரிசையில் இன்று சேர்ந்திருப்பவர்கள், பெரிய நிறுவனங்களின் துணையின்றித் தாமே கணினி விளையாட்டுகளை உருவாக்குவோர். பகலெல்லாம் அலுவலகம், மாலையில் குடும்பம், வீட்டார் உறங்கிய பின் கணினித் திரை என்று அவர்களுடைய நாள் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. இத்தகைய வாழ்வு அறநெறிக்கு உகந்ததா? உகந்தது எனில் எந்த எல்லை வரை?

இவ்வினாவுக்குள் புகுமுன், இவர்கள் உருவாக்கும் விளையாட்டின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, அதாவது ரோல் பிளேயிங் கேம், பந்தாட்டம் போன்றதோ சீட்டாட்டம் போன்றதோ அன்று. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்கிறார். வீரராகவோ மருத்துவராகவோ திருடராகவோ ஓர் உலகில் நடமாடுகிறார், பிறரோடு பேசுகிறார், முடிவுகள் எடுக்கிறார், அவற்றின் விளைவுகளை ஏற்கிறார். அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு மூலம் எனலாம். அதற்குக் கணினி தேவைப்படவில்லை. காகிதமும் பகடையும் சில நண்பர்களும் போதும். மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரையான ஓர் எண்ணைப் பாத்திரத்தின் உடல்வலிமைக்கும், மற்றோர் எண்ணை அறிவுக்கும், இன்னொன்றை விவேகத்துக்கும் குறித்துக்கொள்வார்கள். எவருக்கும் எல்லா வலிமையும் கிட்டுவதில்லை என்பது அந்த ஆட்டத்தின் முதல் பாடம்.

அந்த விளையாட்டு பிறந்த வீடும் நமது வினாவோடு தொடர்புடையதே. அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி 1970 ஆம் ஆண்டில் அவ்வேலையை இழந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில், தம் வீட்டின் நிலவறையில் செருப்புத் தைத்துப் பழுது பார்த்துப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே விளையாட்டின் விதிகளை எழுதினார். அதை வெளியிட அவரோடு நிறுவனம் தொடங்கிய நண்பர் டான் கே, தம் ஆயுள் காப்பீட்டின் மீது கடன் பெற்று 1000 டாலர் முதலிட்டார். முதல் பதிப்பாக 1000 பெட்டிகளே அச்சாயின. மறு ஆண்டே, 1975 சனவரியில், 36 வயதில் டான் கே காலமானார். அந்த விளையாட்டு பின்னர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் தொடக்கத்தில் வைக்கப்பட்ட பணயம், ஒருவர் தமக்குப் பின் தம் குடும்பத்துக்கென வைத்திருந்த பாதுகாப்பு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்று அத்தகைய முதலீடு தேவையில்லை என்று சிலர் கூறலாம். ஓரளவு உண்மைதான். அச்சகமும் கிடங்கும் வேண்டா. வீட்டுக் கணினி போதும். விளையாட்டுகளைக் கட்டியெழுப்பும் மென்பொருள்கள் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைக்கின்றன. ஆகவே செலவு எதுவும் இல்லை என்னும் எண்ணம் எழுகிறது. மறைந்திருக்கும் கண்ணி இதுவே. பணச்செலவு குறையக் குறைய, எஞ்சி நிற்கும் ஒரே செலவு நேரம். அந்நேரத்தைப் பாத்திரமேற்கும் விளையாட்டைப் போல் விழுங்கும் படைப்பு வேறொன்று இருப்பது அரிது. ஒரு கதையில் 10 இடங்களில், ஆடுபவருக்கு இடத்துக்கு 2 வழிகள் வைத்தால், செல்லக்கூடிய பாதைகள் 1024 ஆகிவிடும். ஒவ்வொரு பாதையிலும் உரையாடல் பொருந்த வேண்டும். ஊர்களும் வரைபடங்களும் ஓவியமும் இசையும் வேண்டும். எதிரியின் வலிமை மிகாமலும் குன்றாமலும் இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழுதாகும். ஆறு மாதங்களில் முடியும் என்று தொடங்கியது ஆறு ஆண்டுகள் இழுப்பதில் வியப்பில்லை.

அவ்வாண்டுகள் எங்கிருந்து வருகின்றன? 'என் ஓய்வு நேரத்தில்தானே செய்கிறேன்' என்பார் படைப்பவர். அந்த 'என்' என்னும் சொல்லை நாம் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் பரோன், 2011 ஆம் ஆண்டு கணினி அறிவியலில் பட்டம் பெற்றவர். வேலை கிடைக்காத நிலையில், பயிற்சிக்காக ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார். நிரல், கதை, ஓவியம், இசை அனைத்தும் அவர் ஒருவருடைய கைவண்ணம். சில மாதப் பணி என்று எண்ணியது ஏறத்தாழ நாலரை ஆண்டு நீண்டது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைத்தார். வரைந்தவற்றைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்தார். இடையில் சியாட்டில் நகரத்து அரங்கம் ஒன்றில், வருவோருக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். வீட்டுச் செலவில் பெரும்பங்கைத் தாங்கியவர் அவருடைய வாழ்க்கைத் துணையான பெண்ணே. 2016 பிப்ரவரியில் வெளிவந்த அவ்விளையாட்டின் பெயர் 'ஸ்டார்டியூ வேலி'. 2024 இறுதிக்குள் அது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பனை எண்ணோடு முடித்து, 'பார்த்தீர்களா, உழைப்பு வீண்போகவில்லை' என்பார்கள். நமக்கு அந்த முடிவுரை உடன்பாடன்று. அவ்விளையாட்டு 40 பிரதிகள் மட்டுமே விற்றிருந்தால் அந்த நாலரை ஆண்டுகள் தவறாகியிருக்குமா? ஒரு செயலின் நேர்மை, பின்னர் வந்த வருவாயைப் பொறுத்ததாயின், அறம் என்பது குலுக்கல் சீட்டின் வேறு பெயராகிவிடும். கடன் நேர்மையாகப் பெறப்பட்டதா என்பது, அதைப் பெற்ற நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பெண் அறிந்து, மனமுவந்து அவ்வாண்டுகளைத் தாங்கினார் என்றால், ஒரு பிரதியும் விற்காவிடினும் அது நேர்மையான கடனே. அறியாமலோ வேறு வழியின்றியோ தாங்கும் ஒருவரின் தோள்மீது எழுந்த படைப்பு, கோடிப் பிரதிகள் விற்றாலும் அந்தக் குறையினின்று நீங்குவதில்லை.

விளையாட்டைப் பற்றி மெய்யியலார் நெடுங்காலமாகவே சிந்தித்துள்ளனர். அரிஸ்டாட்டில், விளையாட்டிலும் நகைச்சுவையிலும் அளவோடு ஈடுபடுவதை ஒரு நற்பண்பாகவே எண்ணினார். 13 ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் அதே கருத்தை ஏற்று விரித்துரைத்தார். விளையாட்டின் மிகை குற்றமாவதைப் போலவே, விளையாட்டே அறியாத கடுமையும் குற்றமாகலாம் என்றார். உடல் களைத்தால் ஓய்வு தேவைப்படுவது போல உள்ளம் களைத்தால் விளையாட்டுத் தேவைப்படுகிறது என்பது அவர் காட்டும் காரணம். ஆயின் இக்காரணம் ஆடுபவருக்குப் பொருந்துமே தவிர, ஆட்டத்தை உருவாக்குபவருக்கு அப்படியே பொருந்தாது. அவர் ஓய்வெடுக்கவில்லை; இரண்டாவது வேலை பார்க்கிறார். எனவே அவருடைய செயலை அளக்கும் கோல் தன்னடக்கம் மட்டும் அன்று, நீதியும் ஆகும். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்பது பழமையான வரையறை.

இங்கேதான் நம் காலத்து அறிவுரைகள் வழிதவறுகின்றன. 'நேரத்தைத் திட்டமிடுங்கள், ஒரு மணி நேரம் முன்னதாக எழுங்கள், பட்டியல் போடுங்கள்' என்கிறார்கள். இவை பயனுள்ளவையே. ஆனால் இவை யாவும் நேரத்தைத் தனி ஒருவரின் பணப்பையாகக் கருதுகின்றன. குடும்பத்தில் வாழும் மனிதரின் நேரம் பொதுக் களஞ்சியம் போன்றது. ஒருவர் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தால், காலையில் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு மற்றவரின் தலையில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறைக்கதவு மூடியிருந்தால், நோயுற்ற தாயின் அருகே வேறொருவர் அமர்ந்திருக்கிறார். களஞ்சியத்திலிருந்து எடுத்தது தவறு என்று நாம் கூறவில்லை. கேளாமல் எடுத்தது தவறு என்கிறோம்.

கேட்பது என்றால் என்ன? எவ்வளவு நேரம், எத்தனை மாதம், முடியாமற்போனால் எப்போது நிறுத்துவது என்பவற்றை வெளிப்படையாகச் சொல்லி, 'இயலாது' என்னும் மறுமொழிக்கும் இடம் வைத்துக் கேட்பதே கேட்பது. 'அவள் ஒன்றும் சொல்லவில்லையே' என்பது இசைவுக்குச் சான்றாகாது. மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் சொல்பவர் பெரும்பாலும் அதனால் பயன்பெறுபவரே. சிறு குழந்தையிடம் இசைவு பெறவும் முடியாது. அதன் மூன்றாம் வயது ஒருமுறைதான் வரும். விளையாட்டின் மூன்றாம் அத்தியாயம் அடுத்த ஆண்டும் காத்திருக்கும். காத்திருக்கக் கூடியதையும் கூடாததையும் பிரித்தறிவதே இங்கு விவேகம். உடல்நலமும் அப்படியே, சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை நம் முன்னோர் சொல்லிவைத்தனர்.

கடனை அறிந்தவர் அடுத்துச் செய்ய வேண்டுவது, அது தாங்கும் அளவுக்குப் படைப்பைச் சிறிதாக்குவது. வள்ளுவர் 'வலியறிதல்', 'காலமறிதல்' என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது எண்ணத்தக்கது. சியாட்டிலில் கணித ஆராய்ச்சி மாணவராக இருந்து, படிப்பை விட்டு 1994 இல் 'ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர்' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் வோகல், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனைவியோடு சேர்ந்து குடும்பத் தொழிலாக அதை நடத்தி வருகிறார். மறுபதிப்புகளையும் சேர்த்து 20 விளையாட்டுகளுக்கு மேல் வெளியிட்டுள்ளார். படங்கள் எளியவை, பழைய படங்களையே புதிய விளையாட்டிலும் பயன்படுத்துவார், குறை கூறுவோரிடம் அதை மறைப்பதும் இல்லை. அவருடைய வாசகர்கள் என்றே சொல்லத்தக்க ஆட்டக்காரர்கள் நாடுவது கதையை. டோபி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் 2013 இல் பொதுமக்களிடம் 5000 டாலர் நன்கொடை கேட்டார். 51,000 டாலருக்கு மேல் கிடைத்தது. பத்து மடங்கு பணம் வந்தபோதும் படைப்பைப் பத்து மடங்கு பெரிதாக்க முனையவில்லை. 2015 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய 'அண்டர்டேல்', சில மணி நேரங்களில் ஆடி முடிக்கத்தக்க சிறு விளையாட்டே. எதிர்ப்படும் எதிரி எவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம் என்பது அதன் புதுமை. அகலக்கால் வைக்காததனால் அவை குறைந்துபோய்விடவில்லை.

மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். நீதி இருவழிப் பாதை. சம்பளம் கொண்டுவருவதும் சந்தைக்குப் போவதும் தவிர ஒருவருக்கு உள்ளத்தில் வேறெதுவும் இருக்கலாகாது என்று கருதும் குடும்பமும் கடனாளியே. 'உருப்படாத விளையாட்டு' என்று எள்ளி ஒதுக்குவதற்கு முன், ஒருமுறை அருகமர்ந்து அத்திரையைப் பார்ப்பதும், 'இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்பதும் குடும்பத்தாரின் கடமை. வாரத்தில் இரண்டு இரவுகள் முழுமனத்தோடு வழங்கப்பட்டால், ஏழு இரவுகள் களவாடப்பட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. மனமுவந்து தந்த ஒரு மணி நேரத்தில் செய்யும் பணியில் அமைதி இருக்கும். ஒளித்து எடுத்த மூன்று மணி நேரத்தில் அது இராது.

'ஸ்டார்டியூ வேலி'யில் ஒரு விதி உண்டு. பாத்திரத்தின் வலிமை திரையோரத்தில் அளவுகோலாகத் தெரியும். மண்ணை ஒருமுறை கொத்தினாலும் அது குறையும். நள்ளிரவைத் தாண்டி விழித்திருந்தால் மறுநாள் வலிமை குறைந்தே தொடங்கும். இரண்டு மணிக்குள் வீடு திரும்பாவிட்டால் அந்த விவசாயி வழியிலேயே மயங்கி விழுவார். யாரோ அவரைத் தூக்கிவந்து சேர்ப்பார்கள். கைப்பணத்திலும் ஒரு பகுதி போகும். விளையாட்டை உருவாக்குவோர் அனைவரும் இவ்விதியை அறிவர். அளவில்லா வலிமை கொண்ட பாத்திரம் ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கற்பனை மாந்தருக்கு அவர்கள் மறவாமல் வகுக்கும் இந்த எல்லையைத் தமக்கும் வகுத்துக்கொள்ளட்டும். வழியில் விழுந்தால் தூக்கிவந்து சேர்ப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே எண்ணி, இன்றிரவு கணினியைத் திறப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.