ராஜா கதையும் சட்டைப்பைச் சீட்டும்



நான் சினிமா கொட்டகைக்குப் போகிறவனல்ல. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையை ஆண்டவர் உடைத்ததைத்தான் சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

2022 அக்டோபர் மாதம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஜெபக்கூட்டம் முடிந்து சிநேகிதர் நாலு பேர் உட்கார்ந்தோம். ‘பொன்னியின் செல்வன்’ படம் முதல் பாகம் வெளிவந்த சமயம். ஊரெல்லாம் அதே பேச்சு. ஒருவர் படம் பார்த்திருந்தார். ஒருவர் பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்திருந்தார். நான் படம் பார்க்கவில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்த அந்தக் கதையை, எங்கள் அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். சின்ன வயசிலேயே கரைத்துக் குடித்தவன். சும்மா இருப்பேனா?

"ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளின் பெயர் இருக்கிறது என்றேன். சிற்றப்பன் ஆசைப்பட்டார் என்று அருள்மொழி ராஜ்யத்தையே விட்டுக்கொடுத்தார், 985-ல்தான் ராஜராஜனாகப் பட்டமேறினார், திருவாலங்காட்டுச் செப்பேடு அவர் பெருந்தன்மையைச் சொல்லுகிறது என்றேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

நாலாவது சகோதரர் ஸ்ரீரங்கத்துக்காரர். வாயே திறக்கவில்லை. அவர் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே" என்று எழுந்து, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அவர் சட்டைப்பையில் டாக்டர் சீட்டு இருந்திருக்கிறது. மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுது. டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும். எங்களிடம் சொல்லி ஜெபிக்கத்தான் வந்திருக்கிறார்! வீட்டுக்கு ஓடினேன். "ஏன் தம்பி சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்க ராஜா கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க. நடுவிலே எப்படிண்ணே..." என்று தலையைக் குனிந்துகொண்டார்.

என் நெஞ்சில் குத்தினது போலிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்த இளவரசனுக்காக இரண்டு மணி நேரம் துக்கப்பட்டேன். எதிரே உட்கார்ந்தவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்கவில்லை. ராஜ்யத்தை விட்டுக்கொடுத்தவரைப் புகழ்ந்த நான், என் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. கொட்டகைக்குப் போகாததினால் எனக்கு என்ன லாபம்?

தேவபிள்ளையே, வேதத்திலும் ராஜகுடும்பத்துக் கதை உண்டு. யோனத்தான் சவுலின் குமாரன், சிங்காசனத்துக்கு உரியவன். தாவீது சீப் வனாந்தரத்தில் ஒளிந்திருந்தபோது அவன் அரண்மனையில் உட்கார்ந்து கதை பேசவில்லை. காட்டுக்கே தேடிப்போய்த் தேவனுக்குள் அவனைத் தைரியப்படுத்தினான். நீ ராஜாவாயிரு, நான் உனக்கு அடுத்தவனாயிருப்பேன் என்றான் (1 சாமுவேல் 23). இதுவல்லவா சிநேகம்! நம்மைத் தேடிப் பரலோக மகிமையையே விட்டுவந்த ராஜகுமாரன் இயேசுவும் இப்படிப்பட்டவர்தானே!

சிநேகிதரோடு பேசிச் சிரிப்பது பாவமல்ல. பேச்சு சுவாரஸ்யத்தில் பக்கத்திலிருப்பவனின் கண்ணீரைக் காணாமற்போவதுதான் பாவம். உங்கள் கூட்டத்தில் இன்று யாருடைய டீ ஆறிக்கொண்டிருக்கிறது?

2023 ஏப்ரலில் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதே டீக்கடை, அதே நாலு பேர். கதை எழும்புவதற்கு முன்னே, "வீட்ல எப்படி இருக்காங்க தம்பி?" என்று கேட்டேன். அரைமணி நேரம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். டயாலிசிஸுக்கு யார் யார் எந்த நாள் கூடப்போவது என்று அங்கேயே முறை போட்டோம். அப்புறம் ஜெபித்தோம்.

கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும். என் கண்ணைத் திறந்தருளும். ஆமென்.