லூயிசாவுக்காக நின்ற கர்னல்

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று பெயர்கள் வரும். கர்னல் வில்லியம் ஃபுல்லார்டன் என்ற பெயர் வராது. அவர் பிறந்த நாட்டிலேயே அவரை நினைப்பவர்கள் குறைவு.

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில், தலைமுறைகளாக நிலபுலன் கொண்ட குடும்பத்தில் 1754-இல் பிறந்தவர். 1783 மே மாதம் கர்னல் லாங்கின் ஆங்கிலேயப் படை திப்புவிடமிருந்து திண்டுக்கல்லைப் பிடித்தது. அதன்பின் தென்பகுதிப் படைக்கு ஃபுல்லார்டன் தலைமை ஏற்றபோது அவருக்கு 29 வயது. ஜூனில் தாராபுரம், நவம்பரில் பாலக்காடு, கோயம்புத்தூர் என்று அடுத்தடுத்துப் பிடித்தார். 1784 மங்களூர் உடன்படிக்கையில் அவையெல்லாம் திப்புவுக்கே திரும்பிப் போயின.

இடையில், ஆகஸ்டில், பாஞ்சாலங்குறிச்சி. வீரபாண்டியக் கட்டபொம்மன் பட்டத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவர் இவர்தான். நம் மண்ணுக்கு அவர் படையெடுத்து வந்தவர். அதை ஒளித்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய போர் இங்கே நடக்கவில்லை. ஸ்பெயினிடமிருந்து பிரிட்டன் பறித்துக்கொண்ட டிரினிடாட் தீவை ஆள 1802-இல் மூவர் நியமிக்கப்பட்டார்கள். முதலாமவர் ஃபுல்லார்டன், இன்னொருவர் அதுவரை அங்கே ஆளுநராக இருந்த தாமஸ் பிக்டன். ஃபுல்லார்டன் பழைய சிறைக் கணக்குகளைக் கேட்டார். அதில் லூயிசா கால்டெரான் என்ற பெண்ணின் கதை வெளிவந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்கும். திருட்டில் பங்கென்று சந்தேகம். பிக்டன் கையெழுத்திட்ட உத்தரவின்படி, ஒரு கை மணிக்கட்டில் கயிறு கட்டித் தூக்கி, கூரான முளையின் மேல் ஒற்றைக் கால் படும்படி அவளைத் தொங்கவிட்டார்கள். அப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

தன்னைப் போன்ற ஒரு ராணுவ அதிகாரிதானே என்று ஃபுல்லார்டன் விட்டிருக்கலாம். விடவில்லை. லூயிசாவே லண்டனுக்கு வந்து சாட்சி சொன்னாள். 1806-இல் பிக்டன் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பிக்டனின் ஆதரவாளர்கள் ஃபுல்லார்டன்மீது வசைப் புத்தகங்களே எழுதினார்கள். வழக்கு மறுவிசாரணைக்குப் போயிற்று. அது முடியுமுன், 1808 பிப்ரவரியில், நிமோனியா அவரைக் கொண்டுபோயிற்று. அந்தத் தீவில் நடப்பில் இருந்த ஸ்பானியச் சட்டம் சித்திரவதையை அனுமதித்தது என்று மறுவிசாரணை ஜூரிகள் சொல்ல, பிக்டன் தண்டனையே இல்லாமல் தப்பினார்.

பிக்டன் 1815-இல் வாட்டர்லூ களத்தில் இறந்தார். உடனே மாவீரர். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம், வேல்ஸில் ஊருக்கு ஊர் அவர் பெயர். கார்டிஃப் நகர மன்றத்தில் இருந்த அவர் சிலையைப் பலகை வைத்து மூடியது 2020-இல்தான். இருநூறு ஆண்டுகள் ஒரு சிறுமியின் வலியைவிட ஒரு போர்க்கள மரணம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. கோட்டைகளைப் பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அடிமை வியாபாரம் சட்டப்படி நடந்த நாளில், நிறம் கலந்த ஓர் ஏழைப் பெண்ணுக்காகத் தன் இனத்து ஆளுநரையே கூண்டில் ஏற்றியவர் அரிது.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களே, அடுத்த முறை ஃபுல்லார்டன் பெயரையும் சொல்லுங்கள். பாஞ்சாலங்குறிச்சியையும் சொல்லுங்கள், லூயிசாவையும் சொல்லுங்கள்.