அன்னத்தைப் பெருக்கும் விரதம்

பிரம்மத்தை அறிய விரும்பிய பிருகு, தம் தந்தையான வருணரை அணுகினார். தந்தை விடையை நேராகக் கூறிவிடவில்லை. தவத்தின் மூலம் அறிந்துகொள்ளுமாறு பணித்தார். தவம் செய்த பிருகு, அன்னமே பிரம்மம் என்று முதலில் கண்டார். அதில் நிறைவு கொள்ளாமல் மீண்டும் மீண்டும் தவத்தில் ஈடுபட்டு, பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாக உயர்ந்து, இறுதியில் ஆனந்தமே பிரம்மம் என்று உணர்ந்தார். தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லி கூறும் வரலாறு இது.

இந்த இடத்திலேயே உபநிடதம் நிறைவு பெற்றிருக்கலாம். ஆனந்தத்தை அறிந்தவருக்கு அன்னத்தைப் பற்றி இனி என்ன பேச்சு? ஆயினும் உபநிடதம் மீண்டும் அன்னத்திற்கே திரும்புகிறது. அன்னத்தை இழித்துரைக்காமை, அதை ஒதுக்கித் தள்ளாமை, அதை மிகுதியாகப் பெருக்குதல், இடம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பாமை என்று நான்கு விரதங்களை விதிக்கிறது. சிகரத்தை எட்டியவரும் அலட்சியம் செய்யக் கூடாத படி அன்னம் என்பது இதனால் விளங்குகிறது.

இந்த விரதங்கள் காட்டில் வாழ்ந்த ரிஷிகளுக்கும் நிலம் உடைய உழவர்களுக்கும் மட்டும் உரியவையா? அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு பிடி மண்ணும் சொந்தமின்றி வாழ்பவர் அன்னத்தை எவ்வாறு பெருக்குவார்? நகரங்களில் பலர் ஒன்றுகூடி வளர்க்கும் சமூகத் தோட்டங்கள் இக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகின்றன.

ஒதுக்கப்பட்டது மண்ணாகிறது

மும்பைத் துறைமுகத்தின் மையச் சமையற்கூடத்தில் ஊழியர்களுக்காக நாள்தோறும் பெருமளவில் உணவு தயாரிக்கப்பட்டு வந்தது. காய்கறித் தோலும் எஞ்சிய உணவும் அன்றாடம் குவிந்தன. 2000-களின் தொடக்கத்தில் அதன் பொறுப்பில் இருந்த பெண்மணியும் அவருடன் பணியாற்றியோரும் அந்தக் கழிவைக் கட்டடத்தின் மேல்தளத்திற்குக் கொண்டு சென்றார்கள்; அதை மட்கவைத்து, காய்கறிகளையும் பழமரங்களையும் வளர்த்தார்கள். கீழே சமைத்த கைகளே மேலே பயிரிட்டன. பின்னாளில் மும்பையின் பிற இடங்களிலும் தன்னார்வலர்கள் வார இறுதியில் கூடிப் பயிர் வளர்ப்பதற்கு அந்த மேல்தளமே வித்தாயிற்று.

இத்தகைய முயற்சிகளுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தபோல்கர். மண் என்பது விலைக்கு வாங்கும் பொருளன்று, உருவாக்க வேண்டிய ஒன்று என்பது அவர் வழியினர் கண்ட நடைமுறை. பசுஞ்சாணம், கோமியம், சிறிது வெல்லம் ஆகியவற்றை நீரில் கரைத்து மூன்று நாட்கள் வைத்திருப்பார்கள். நீர் சேர்த்துத் தணித்த அக்கரைசலில் உலர்ந்த இலைகளை ஊறவைத்து, சிறிது மண் தூவி, அடுக்கடுக்காகக் குவிப்பார்கள். குவியலை அவ்வப்போது புரட்டிவிட்டு, ஈரம் காத்து, சில மாதங்கள் பொறுத்திருந்தால் கருமையும் மணமும் கொண்ட மண் கிடைக்கும். இதற்கு 'அம்ருத் மிட்டி', அதாவது அமுத மண், என்று பெயர். தெருவோரத்தில் பெருக்கித் தீயிடப்படும் சருகு இங்கே அன்னத்தின் தாயாகிறது. அன்னத்தை ஒதுக்கித் தள்ளாமை என்னும் விரதம், உண்ணும் இலையோடு முடிந்துவிடுவதில்லை. உண்டபின் எஞ்சியதையும் அது தழுவிக்கொள்கிறது.

முதலில் தூய்மை

நகரத்து மண்ணில் விதைப்பதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. பழைய கட்டடங்களின் வண்ணப்பூச்சிலிருந்தும், முன்பு பெட்ரோலில் கலக்கப்பட்டு வந்த ஈயத்திலிருந்தும் நச்சுப்பொருள் நகர நிலங்களில் படிந்திருக்கக் கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈயம், மண்ணோடு கலந்து குழந்தைகளின் உடலுக்குள் சென்றால் பெருந்தீங்கு விளைவிக்கும். எனவே அனுபவம் உள்ளவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதிக்கிறார்கள். ஐயம் இருந்தால் தரைக்கு மேல் பாத்தி அமைத்து, நல்ல மண்ணை நிரப்பிப் பயிரிடுகிறார்கள்.

சாதகனும் இதையே செய்கிறான். மனம் என்னும் நிலத்தில் பழைய சம்ஸ்காரங்கள் படிந்து கிடக்கின்றன. அவற்றை ஆராயாமல் நற்செயல்களை விதைத்தால், விளைவிலும் அந்த நஞ்சு ஏறிவிடுகிறது. சேவை செய்தவனிடம் சேவை செய்தேன் என்ற செருக்கு காய்க்கிறது. சித்தசுத்தியை முதற்படியாக ஆன்றோர் வைத்ததன் காரணம் இதுவே.

திருடன் யார்?

பலர் சேர்ந்து வளர்க்கும் தோட்டத்தில் மிகக் கடினமான பயிர் ஒற்றுமையே. ஒருவர் கோடையில் தவறாமல் நீர் ஊற்றுகிறார்; மற்றொருவர் அறுவடை நாளில் மட்டும் கூடையுடன் வருகிறார். நாளைக்குப் பறிக்கலாம் என்று ஒருவர் விட்டுவைத்த கத்தரிக்காய் இரவோடிரவாக மறைந்துவிடுகிறது. உடனே 'என் உழைப்பு', 'என் பாத்தி' என்ற குரல் எழுகிறது. வறட்சியால் வாடிய தோட்டங்கள் உண்டு. மனக்கசப்பினால் வாடியவையும் உண்டு.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர், மழையையும் அன்னத்தையும் உயிர்களையும் செயலையும் இணைத்துச் சுழலும் வேள்விச் சக்கரத்தை விளக்குகிறார். அங்கே அவர் ஒருவனைத் திருடன் என்று குறிப்பிடுகிறார். வேலி தாண்டி வந்து பறித்தவனை அவர் அவ்வாறு கூறவில்லை. தேவர்கள் அளித்தவற்றைப் பெற்றுக்கொண்டு, திருப்பி அளிக்காமல் தானே துய்ப்பவனையே கூறுகிறார். கத்தரிக்காயை இழந்து வருந்துபவர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அந்தச் செடிக்கு வெயிலை அளித்தது யார்? பூவைக் காயாக்க உதவிய வண்டுக்குக் கூலி தந்தது யார்? மண்ணைத் துளைத்து வேருக்குக் காற்று தந்த மண்புழுவின் பங்கு எங்கே? கணக்கைத் தொடக்கத்திலிருந்து எழுதினால், கடனாளியாக நிற்பவர் அவரேதான்.

இதனால் பொறுப்பின்மைக்கு இடம் தர வேண்டும் என்பதில்லை. நீர் ஊற்றும் முறையை வகுப்பதும், பங்கை முன்கூட்டியே பேசி முடிவு செய்வதும் தேவையே. ஆனால் விதிகளை வகுப்பவர், அந்தச் சொல்லை அண்டை அயலார்மீது எறிவதற்கு முன் தம்மீது பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போது விதி இருக்கும், கசப்பு இராது.

நிலம் யாருடையது?

நியூயார்க் நகரில் 1973-ஆம் ஆண்டு சில தன்னார்வலர்கள், பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் குப்பை மண்டிக் கிடந்த காலி மனையைத் தூய்மை செய்து தோட்டமாக்கினார்கள். அதைக் கண்டு மேலும் பல தோட்டங்கள் தோன்றின. பெரும்பாலும் எளிய மக்கள் உழைத்த அந்த நிலங்கள் பல, நகராட்சிக்குச் சொந்தமானவை. 1999-ஆம் ஆண்டு நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலத்தில் விற்க நகர நிர்வாகம் முனைந்தது. மக்கள் எதிர்த்தனர், ஏலம் நடக்கவிருந்ததற்கு முந்தைய நாள் இரண்டு அறநிறுவனங்கள் அவற்றை விலைக்கு வாங்கிக் காத்தன. எல்லாத் தோட்டங்களும் அவ்வாறு பிழைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் வளர்க்கப்பட்ட 'எஸ்பெரான்சா' என்னும் தோட்டம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. காவல் இருந்த பலர் கைது செய்யப்பட்டனர். ஸ்பானிய மொழியில் 'எஸ்பெரான்சா' என்றால் நம்பிக்கை என்று பொருள்.

இருபது ஆண்டுகளின் உழைப்பு வீணாயிற்றா? கர்மயோகத்தின் முன் வைக்கப்படும் உண்மையான கேள்வி இது. பலனில் பற்று வைக்காதே என்று கூறுவது எளிது. வளர்த்த செடிகள் கண்ணெதிரே சாயும்போது அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அந்த மக்கள் பலனைத் துறந்தவர்களாகக் கைகட்டி நிற்கவில்லை. இறுதிவரை காக்க முயன்றார்கள். பற்றின்மை என்பது அலட்சியமன்று. முயற்சியை முழுமையாகச் செய்துவிட்டு, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே அது. 2002-ஆம் ஆண்டு ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின் மூலம் நியூயார்க்கின் பல நூறு தோட்டங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வீழ்ந்த தோட்டத்தின் பலனை, அதில் ஒரு விதையும் ஊன்றாத பிறர் பெற்றார்கள். செயலின் பலன் செய்தவன் எதிர்பார்த்த பாத்தியிலேயே முளைக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

ஆழ்ந்து நோக்கினால், சொந்த நிலத்தில் பயிரிடுபவரின் நிலையும் வேறன்று. பட்டா யார் பெயரில் இருந்தாலும், மனிதன் பூமியில் சில காலம் தங்கிச் செல்பவனே. இரவல் மண்ணில் பயிரிடுபவருக்கு இந்த உண்மை நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது. அது அவருக்குக் கிடைத்த பேறு.

வந்தவருக்கு ஒரு பிடி

நான்காவது விரதம் எஞ்சியிருக்கிறது. இடம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதற்காகவே அன்னத்தைப் பெருக்கும்படி உபநிடதம் பணிக்கிறது. ஆகவே தோட்டத்தின் முதற்பறிப்பில் ஒரு பங்கு இறைவனுக்கு நிவேதனமாகட்டும்; ஒரு பங்கு, தோட்டத்தில் உழைக்க இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் செல்லட்டும். எஞ்சியதை அனைவரும் பகிர்ந்துகொள்ளட்டும். அவ்வாறு உண்ணப்படுவது வேள்வியின் எச்சம்; அது பிரசாதம்.

தொடங்குவதற்குப் பெரிய இடம் தேவையில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து நான்கு தொட்டிகளில் கீரை விதைத்தாலும் விரதம் தொடங்கிவிடும். மேல்தளமாயின் அதன் தாங்குதிறனையும் நீர்க்கசிவையும் முதலில் அறிந்துகொள்வது நல்லது. எஞ்சியவற்றைக் கீரையே கற்பிக்கும். ஆனந்தம்வரை சென்ற பிருகுவும் அன்னத்திலிருந்துதான் தொடங்கினார்.