உண்டியலும் உரிமையும்

குழல்விளக்கு ஒன்று எரிகிறது. அதன் உடல் முழுதும் கறுப்பு மையால் 'உபயம்: இன்னார், இன்னாரின் மைந்தர்' என்று எழுதியிருக்கிறது. எழுத்து அடைத்ததுபோக எஞ்சிய இடுக்கு வழியே கொஞ்சம் ஒளி கசிகிறது. விளக்கை ஊருக்குக் கொடுத்தார். வெளிச்சத்தைத் தமக்கே வைத்துக்கொண்டார்! ஊர்தோறும் கண்டு நகைத்த காட்சிதான். நகைத்தோம், நகர்ந்தோம், நின்று ஒரு வினா எழுப்பினோமில்லை. கொடை நிகழும்போது கைமாறுவது யாது? பொருள் ஒரு பக்கம் போகிறது. புகழ் மறுபக்கம் வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒருவன் குனிகிறானே, அந்தக் குனிவை எந்தக் கணக்கில் எழுதுவது?

வள்ளுவர் ஈகைக்கு அறத்துப்பாலில் ஓர் அதிகாரம் தந்தார். பொருட்பாலில் இரவு என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் மை உலருமுன் இரவச்சம் என்று மற்றோர் அதிகாரத்தையும் பக்கத்திலேயே வைத்தார். கேட்பதும் கேட்க நேர்வதற்கு அஞ்சுவதும் அடுத்தடுத்து! இன்றைய உலகில் பிறர்க்காகக் கேட்பது ஒரு கலை. கலை மட்டுமன்று, தொழில். பட்டமுண்டு, பயிற்சியுண்டு, பணிமனையுண்டு, படம் எடுப்போர், பாட்டு அமைப்போர், பாதி இரவில் குறுஞ்செய்தி விடுப்போர் எல்லாரும் உண்டு. நிதி எவ்வளவு வந்தது என்பதே அங்கு நீதி. இரவச்சத்தை மட்டும் ஏட்டிலிருந்து கிழித்துவிட்டார்கள்.

நிதி திரட்டுவதையே பழிக்க வந்தவனென்று என்னை எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! அந்தக் கலை செய்த மாண்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இளம்பிள்ளை வாதம் அமெரிக்க நாட்டில் கோடைதோறும் குழந்தைகளை வேட்டையாடிய காலம். அந்நாட்டுத் தலைவர் ரூசுவெல்ட்டையே 1921-ஆம் ஆண்டில், 39-ஆம் அகவையில், நடக்கவொட்டாமல் செய்த நோய் அது. முதலில் என்ன செய்தார்கள்? தலைவரின் பிறந்தநாளில் ஆடல் விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1938-இல் அந்நோயை ஒழிக்க ஒரு நிறுவனம் கண்டார்கள். எட்டி கேண்டர் என்னும் நகைச்சுவை நடிகர் வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஆளுக்கு ஒரு 'டைம்' அனுப்புங்கள், நேரே வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள்! டைம் என்பது ஒரு டாலரில் பத்திலொரு பங்கு. சட்டைப்பையின் மூலையில் கிடக்கும் சில்லறை. அஞ்சற்பைகள் மலையெனக் குவிந்தன. 26,80,000 நாணயங்கள்! 'டைம்களின் அணிவகுப்பு' என்ற பெயரே அந்நிறுவனத்துக்கு நிலைத்தது. அந்த நாணயங்கள் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. 1954-இல் ஏறத்தாழ 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. 1955, ஏப்ரல் 12-ஆம் நாள், சால்க்கு கண்ட தடுப்பூசி பயன் தருகிறது என உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆண்டவனை வேண்டிக் கிடைத்ததன்று. அரண்மனை வாசலில் நின்று பெற்றதுமன்று. சில்லறை சேர்ந்தது, அறிவு வேலை செய்தது, நோய் புறமுதுகிட்டது!

அந்த இயக்கத்திலேயே என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. 1950-இல் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்சு நகரில் அன்னையர் மாலை வேளையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினர். கொடுக்க விரும்புவோர் வாசல் விளக்கை ஏற்றி வையுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். விளக்கு எரியும் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இருண்ட வாசல் தொல்லையின்றி விடப்பட்டது. விளக்கில் பெயரெழுதும் ஊர்க்காரனான எனக்கு இது எப்படி இனித்திருக்கும், எண்ணிப் பாருங்கள்!

இனி, கசப்பு. நாணயத்துக்கு நிறமில்லை, மருத்துவமனைக் கதவுக்கு இருந்தது. ரூசுவெல்ட்டே நீராடி நலம் தேடிய வார்ம் சுப்ரிங்சு நிலையம் வெள்ளையர்க்கு மட்டுமே திறந்திருந்தது. கறுப்பின மக்களும் டைம் கொடுத்தார்கள்; அவர்தம் குழந்தைகளுக்கெனத் தசுகீகியில் தனியே ஒரு மையம் 1941-இல்தான் எழுந்தது. அதுவும் அதே நிதியில்தான். கொடுக்கும்போது ஒன்றாய்க் கொடுக்கலாமாம். படுக்கும்போது தனியே படுக்க வேண்டுமாம்! இந்த வழக்கு நமக்குப் புதிதன்று, விரிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று உண்டு, அது மெல்லக் கொல்லும் நஞ்சு. 1946 முதல் அந்த இயக்கம் ஆண்டுக்கொரு குழந்தையைத் தேர்ந்து சுவரொட்டியில் நிறுத்தியது. இந்தப் பிஞ்சைப் பாரீர், இரங்கீர், ஈவீர்! பணம் பொழிந்தது. தொலைக்காட்சி வந்ததும் இந்த உத்தி பூதமாய் வளர்ந்தது. மணிக்கணக்கில் ஓடும் நன்கொடை நிகழ்ச்சிகள். பாட்டு, கூத்து, நடுவே சக்கர நாற்காலியில் ஒரு சிறுவன், கண்ணீர், ஏறிக்கொண்டே போகும் தொகைப் பலகை! பிரிட்டனில் 1988, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் தனியார் தொலைக்காட்சி இத்தகைய விழாவை நடத்தியது. 1990-இலும் 1992-இலும் அந்த நிலையத்தின் வாசலில் ஒரு கூட்டம் திரண்டது. கொடுக்க வந்த கூட்டமன்று. யாருக்காகக் கேட்கிறார்களோ அவர்களே வந்த கூட்டம்! மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும் வந்து முழங்கினர். பார்பரா லிசிக்கி, ஆலன் ஹோல்டுசுவொர்த்து ஆகிய இருவர் முன்னின்றனர். உங்கள் இரக்கத்தின்மேல் உமிழ்கிறோம் என்று அவர்தம் முழக்கத்தை மொழிபெயர்க்கலாம். மூலச்சொல் இன்னும் கடுமையானது, அச்சேறாது. 1992-க்குப் பின் அந்த நிகழ்ச்சி நடக்கவேயில்லை.

கோடிக்கணக்கில் பணம் வருகிறது. வேண்டாமென்கிறார்களே, இதென்ன பித்து என்று அன்று பலர் வியந்தனர். அவர்கள் சொன்ன விடை எளியது. பேருந்தில் ஏறப் படிக்கட்டுத் தடுக்கிறது. பள்ளியில் சேர விதி தடுக்கிறது. வேலை கேட்டால் முதலாளியின் முகம் தடுக்கிறது. இவற்றை மாற்றச் சட்டம் கேட்கிறோம். நீங்களோ எங்களைப் பார்த்து அழுகிறீர்கள். அழுதவன் தன் கடமை முடிந்ததென்று உறங்கப் போகிறான். படிக்கட்டு அங்கேயே இருக்கிறது! போராட்டம் தொடர்ந்தது, 1995-இல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அது போதாதென்று அவர்களே பின்னர் குறை சொன்னார்கள் என்பது வேறு.

பகுத்தறிவாளர்களாகிய நாம் இந்த இடத்தில் மார்தட்டத் தோன்றும்: கண்ணீருக்கு மயங்காதே, கணக்கைப் பார்த்துக் கொடு! அவ்வளவு எளிதன்று, நண்பர்களே. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு நம் மார்பிலேயே அடிக்கிறது. பங்கேற்றோர்க்கு ஐந்து டாலர் கூலி கொடுத்து, அதிலிருந்து விரும்பியதைக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு சாரார்க்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படமும் பசியும் காட்டப்பட்டன. அவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தனர். மற்றொரு சாரார்க்கு ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரம் தரப்பட்டது, கிடைத்தது 1.14 டாலர். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் கூடும் என்றுதானே எண்ணுவோம்? குறைந்தது, 1.43 தான்! இன்னும் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் சிலரைச் சிறு சிறு கணக்குப் போட வைத்தார்கள். கணக்குப் போட்டு வந்த மனம் அந்தச் சிறுமிக்குக் கொடுத்தது ஏறக்குறையப் பாதியாயிற்று. போகட்டும், மிச்சம் பிடித்ததை லட்சக்கணக்கானோர்க்குச் சேர்த்துக் கொடுத்ததோ? இல்லை. அவர்களுக்கான கொடை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை.

அறிவு விழித்தது; அன்பு உறங்கியது; சட்டைப்பை மூடிக்கொண்டது! மூடநம்பிக்கையைச் சாடுவதில் முதல்வரிசையில் நிற்கும் நம்முள் எத்தனை பேர், உண்டியலில் போடாத காசை ஊருக்குத் தந்தோம்? கோயிலுக்குக் கொடுப்பவனைக் கேலி செய்து மிச்சம் பிடித்த பணம் தேநீர்க்கடையில் கரைகிறது என்றால், அந்தப் பகுத்தறிவு கஞ்சத்தனத்துக்கு இட்ட நல்ல பெயரல்லவா? அழுத கண் காய்வதற்குள் ஏன் என்று கேட்பதற்கே அறிவு வேண்டும், அழாமலிருப்பதற்கு அறிவெதற்கு? கல்லுக்கே அது முடியும்.

இன்று புதிய புதிய வழிகள். 2014-இல் தலையில் பனிக்கட்டி நீரைக் கொட்டிக்கொண்டு உலகமே கூத்தாடியது. நரம்பணுக்களைத் தின்னும் ஏ.எல்.எசு. நோய்க்கென அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு ஆய்வுக்குச் சென்றது. 2016-இல் அந்நோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்றைக் கண்டறிய அப்பணம் துணை நின்றது. அந்நிதியின் உதவி பெற்ற மருந்தொன்று 2022-இல் ஒப்புதல் பெற்று, பெரிய சோதனையில் தேறாமல் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. அறிவியலின் பாதை அப்படித்தான். கூத்தென்று நான் இகழ மாட்டேன். அங்கு நனைந்தவன் கொடுப்பவன், நோயாளி அல்லன். ஆனால் பிரிட்டனில் வேறொரு கூத்து நடந்தது. கொடையாளியின் வீடு, வருவாய், இறந்தால் விட்டுச் செல்லும் சொத்து இவற்றை அவருக்கே தெரியாமல் அளந்து பார்க்க ஆளமர்த்திய குற்றத்துக்காக, விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கு 25,000 பவுனும், இதய நோய் அறக்கட்டளைக்கு 18,000 பவுனும் 2016-இல் தண்டம் விதிக்கப்பட்டது. அருள் பேசும் வாய்க்குப் பின்னால் அடகுக்கடைக்காரனின் கண்!

நம் நாட்டுக்கு வருவோம். கைப்பேசியைத் திறந்தால் குழாய்கள் செருகிய குழந்தையின் படம்; கீழே கியூ.ஆர். குறியீடு. முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய்க்கு ஒரே ஒருமுறை செலுத்தும் மருந்தின் விலை ஏறத்தாழ 16 கோடி உரூபாய்! அரசின் அரிய நோய்க் கொள்கை 2021-இல் வந்தது. உதவியின் உச்சவரம்பு 2022-இல் 50 லட்சமாக உயர்ந்தது. ஐம்பது லட்சத்துக்கும் பதினாறு கோடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு தாய் நிற்கிறாள். அவள் தன் பிள்ளையின் படத்தைப் போட்டுக் கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல எவனுக்கும் வாயில்லை. என் பிள்ளையாயின் நானும் போடுவேன். ஆனால் அழகிய முகமும், ஆங்கிலம் எழுதத் தெரிந்த மாமனும், ஆயிரம் பேர் பின்தொடரும் நண்பனும் உள்ள குழந்தைக்குப் பணம் சேருகிறது. மலையடிவாரத்துக் கூலிக்காரியின் குழந்தைக்கு? படமெடுக்கவே ஆளில்லை. இந்தக் கொள்கையின்கீழ் அரசே நன்கொடை கேட்டு இணையவாயில் ஒன்றைத் திறந்து வைத்ததே, அதுதான் உச்சம். வரி வாங்கும் கை, தட்டும் ஏந்துகிறது!

பள்ளி ஒன்றில் நன்கொடை கொடுத்த மாணவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதக் கண்டேன். பெயரில்லாத பிள்ளைகள் அன்று முழுதும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்கள். புதுமை என்று ஒருவர் எந்த உத்தியைக் கொண்டுவந்தாலும் நான் கேட்பது இதுதான்: யாருக்காக இந்தப் பணமோ, அவர் இந்த உண்டியலுக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்க இயலுமா? நின்று, எப்படிச் செலவிட வேண்டும் என்று சொல்ல அவருக்கு நாற்காலி உண்டா? மேலும், இந்த உண்டியல் தேவைப்படாத நாள் ஒன்றை நோக்கி நடக்கிறதா, அல்லது உண்டியலே வாழ்வதற்கு நோயும் பசியும் வளர்க்கப்படுகின்றனவா?

அப்படி நடந்த உண்டியல் நம் மண்ணிலேயே உண்டு. 1950-களின் நடுவில், காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, மதிய உணவு பெருமளவு ஊராரின் கொடையை நம்பித்தான் தொடங்கியது. அரிசி தந்தார்கள், பணம் தந்தார்கள். கொடுத்த கை சோரும் நாளும் வரும் என்பதை அறிந்ததால், அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2001, நவம்பரில் சமைத்த உணவை நாடெங்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கியாக வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-இல் இங்குக் காலை உணவும் வந்தது. கொடையாய் முளைத்தது உரிமையாய் நின்றது.

பன்னிரண்டரை மணிக்கு என் வகுப்புச் சிறுவன் தட்டோடு வரிசையில் நிற்கிறான். முதல் மூட்டை அரிசியை யார் தந்தார் என்று அவனுக்குத் தெரியாது. தட்டின் அடியிலும் எவர் பெயரும் இல்லை. சாம்பாரில் உப்புக் குறைந்த நாளில், "என்ன ஆயா இது!" என்று வரிசை முழுதும் கேட்கும்படி அவன் குரல் எழுப்புகிறான்.